ராணுவ வீரர் குடும்பத்தில் விவாகரத்து: யூனிட் முதல் கோர்ட் வரை, பென்ஷன் முதல் பிள்ளைகள் வரை

"அண்ணே, மூணு ரிஜிஸ்டர் தபால் போட்டேன். மூணும் திரும்பி வந்துடுச்சு. அவரு பட்டாளத்துலதான் இருக்காரா இல்லையான்னே தெரியல."

வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி, மடியில் பிளாஸ்டிக் கவரை வைத்துக்கொண்டு இப்படித்தான் பேச்சைத் தொடங்கினாள். உறைகளை வாங்கிப் பார்த்தேன். கணவர் பெயர், அதன் கீழே "மிலிட்டரி கேம்ப், ஜம்மு". அவ்வளவுதான். படை எண் இல்லை, யூனிட் பெயர் இல்லை. அந்த முகவரியை வைத்துக்கொண்டு எந்தத் தபால்காரரும் எங்கேயும் போக முடியாது. படை எண், பதவி, பெயர், யூனிட், "மார்பத் 56 ஏ.பி.ஓ." (ராணுவத் தபால் நிலையம் வழியாக) என்று எழுதி, கமாண்டிங் ஆபீசர் பெயருக்கு நான்காவது தபாலைப் போட்டோம். இந்தத் தடவை போய்ச் சேர்ந்தது. ஊர்ப் பெயரே வேண்டியதில்லை. யூனிட் எங்கே இருக்கிறது என்பது ராணுவத் தபால்காரருக்குத் தெரியும்.

ராணுவத்தில் கிளர்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுப் பிரச்சினைகள் யூனிட் மேஜைக்கு வரும்போது எப்படி இருக்கும் என்பதை அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். இப்போது இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்களில்கூட, பிரிவு என்று வந்துவிட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பெண்களும் திணறுகிறார்கள், ஆண்களும் திணறுகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாதிப் பென்ஷன் என்பது நம் ஊர்ச் சட்டம் இல்லை

போனில் தேடிப் பார்த்துவிட்டு, "கல்யாணமாகி 10 வருஷம் ஆச்சுன்னா பென்ஷன்ல பங்கு உண்டாமே?" என்று கேட்டுக்கொண்டு பலர் வருகிறார்கள். அது அமெரிக்கக் கதை. அங்கே 1982-ல் வந்த ஒரு சட்டப்படி, ராணுவ ஓய்வூதியத்தைச் சொத்தாகக் கருதி மாநில நீதிமன்றங்கள் பிரித்துக் கொடுக்கலாம். அந்த 10 வருடக் கணக்குகூட, பங்கை அரசே நேராக மனைவிக்கு அனுப்புவதற்கான நிபந்தனைதான்.

இந்தியாவில் பென்ஷன் வீரருடைய வருமானம். அதைச் சொத்து மாதிரி வெட்டிப் பங்கு போடுவதில்லை. ஜீவனாம்சம் எவ்வளவு என்று நீதிபதி முடிவு செய்யும்போது மட்டும் அது கணக்கில் வரும். தீர்ப்பு வருகிற நாள் வரை மனைவி மனைவிதான்: மருத்துவம், கேண்டீன், கணவர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் உண்டு. விவாகரத்து ஆன மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையும் கேண்டீன் கார்டும் போய்விடும். ராணுவக் குடியிருப்பில் இருந்தால் காலி செய்ய வேண்டும். தீர்ப்பில் என்ன எழுதி வாங்கியிருக்கிறாளோ, அது மட்டும்தான் அவளிடம் மிஞ்சும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

படி 1: கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

திருமணப் பதிவுச் சான்றிதழ் முதலில். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். இதுவரை செய்யவில்லை என்றால் முதல் வேலை அதுதான். காரணம் இருக்கிறது. ராணுவத்தில் கல்யாணம், குழந்தை பிறப்பு, விவாகரத்து எல்லாம் "பார்ட் டூ ஆர்டர்" என்ற ஆணையில் வெளியானால்தான் ஆவணத்தில் ஏறும். சிலர் கல்யாணமானதையே யூனிட்டில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மனைவி மனு போட்டால், "எங்கள் பதிவேட்டில் அவர் திருமணமாகாதவர்" என்று பதில் வரும். அப்போது கையில் பதிவுச் சான்றிதழ் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அடுத்து பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கணவரின் படை எண், கிடைத்தால் ஒரு சம்பளச் சீட்டு, டிபெண்டன்ட் கார்டு நகல். நகை பில்களையும் சீர் கொடுத்தபோது எடுத்த படங்களையும் பத்திரப்படுத்துங்கள். கல்யாணத்தை ஒட்டி வந்த, இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி இந்து திருமணச் சட்டம் 27-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம். யூனிட் முகவரி தெரியாவிட்டால் அந்த ரெஜிமென்ட்டின் வீரர்களுடைய ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் போய் வழி கேட்கலாம்.

படி 2: யூனிட்டுக்கு ஜீவனாம்ச மனு

வழக்குப் போட்டால்தான் பணம் வரும் என்று நினைத்துப் பல பெண்கள் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருக்கிறார்கள். ராணுவத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு அதிகாரிகளுக்கும், 91-ஆம் பிரிவு மற்ற வீரர்களுக்கும். மனைவியையும் பிள்ளையையும் கவனிக்காதவரின் சம்பளத்திலிருந்து பிடித்து நேராகக் குடும்பத்துக்கு அனுப்ப இவை வழி செய்கின்றன. நடைமுறையை 2001-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் ராணுவ ஆணை சொல்கிறது. மனைவிக்கு அதிகபட்சம் 22 சதவீதம், ஒவ்வொரு பிள்ளைக்கும் 5.5 சதவீதம், எல்லாம் சேர்ந்து 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சம்பளமும் படிகளும் சேர்த்து 50,000 ரூபாய் வாங்குகிற ஹவில்தார் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு 11,000 வரை, இரண்டு பிள்ளைகளுக்கு 2,750 வீதம் 5,500, ஆக மொத்தம் 16,500. மூன்றாவது பிள்ளை இருந்தாலும் 16,500-தான் உச்சம்.

மனுவைக் கமாண்டிங் ஆபீசருக்கு எழுதுங்கள். எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளைகள், எந்த மாதத்திலிருந்து பணம் நின்றது, உங்களுக்கு வருமானம் உண்டா இல்லையா, உங்கள் வங்கிக் கணக்கு எது என்பதைச் சொன்னால் போதும். ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வருமானம் இல்லை என்பதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரமும் வையுங்கள். வேலைக்குப் போனால் அதை மறைக்காதீர்கள். யூனிட் அவருக்கு ஷோகாஸ் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்கும். அவர் பதிலோடும் கமாண்டிங் ஆபீசர் (சி.ஓ.) பரிந்துரையோடும் கோப்பு படிப்படியாக மேலே கமாண்ட் தலைமையகம் வரை போகும். அங்கே உத்தரவான பிறகுதான் சம்பளத்தில் பிடிப்பார்கள். மாதங்கள் ஆகும். அதனால்தான் இன்றே போடுங்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் என் தங்கச்சிகளிடம் ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். மனுவில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். கோபத்தில், நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டுகளை மேலதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் எழுதி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ராணுவ அதிகாரியின் வழக்கில், மனைவி மேலிடத்துக்கு அனுப்பிய புகார்கள் அவருடைய பெயரையும் பதவி உயர்வையும் கெடுத்தன. அது மனரீதியான கொடுமை என்று சொல்லி 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு விவாகரத்து கொடுத்தது. அடித்தார், மிரட்டினார் என்றால் அது காவல் நிலையத்துக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் போக வேண்டிய விஷயம். அதைத் தாராளமாக அங்கே கொண்டு போங்கள்.

வீரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷோகாஸ் நோட்டீஸ் வந்தால் "பொய்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு உட்காராதீர்கள். இதுவரை பணம் அனுப்பியிருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட்டை இணையுங்கள். கையில் கொடுத்த பணத்துக்கு யூனிட்டில் யாரும் கணக்கு எடுக்க மாட்டார்கள். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து பிள்ளைகளுக்கு அனுப்புவதை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

படி 3: நீதிமன்றம்

எங்கே வழக்குப் போடுவது? மனைவி தொடுப்பதாக இருந்தால் அவள் வசிக்கிற ஊரிலேயே போடலாம்; 2003-ல் இந்து திருமணச் சட்டத்தில் வந்த திருத்தம் இது. கணவர் அஸ்ஸாமில் இருந்தாலும் ராஜஸ்தானில் இருந்தாலும் கவலை இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்கச் சட்டமே சொல்கிறது.

வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். தனியாக மாஜிஸ்திரேட்டிடமும் கேட்கலாம்; முன்பு 125 என்று எல்லாருக்கும் தெரிந்திருந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது. எந்த மதத்தவரானாலும் இது பொருந்தும். இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், பணம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காக வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே வேறு உத்தரவில் பணம் வந்துகொண்டிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கழித்துத்தான் போடுவார்கள். வீரரும் பத்திரத்தில் படிகளை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். சம்பளச் சீட்டு ஒரு நாள் மேஜைக்கு வரும்.

சம்மனை அவருடைய சொந்த ஊர் வீட்டுக்கு அனுப்பி, "ஆள் இல்லை" என்று திரும்பி வந்து, வாய்தா மேல் வாய்தா ஆகி ஒரு வருடம் போன வழக்குகள் நிறைய. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 5-ஆம் கட்டளை, 28-ஆம் விதியை வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்: எதிர்த்தரப்பு படைவீரர் என்றால் சம்மன் கமாண்டிங் ஆபீசருக்குத்தான் போக வேண்டும்.

சம்மன் கையில் கிடைத்த வீரர் அதை டிரங்கில் போட்டுப் பூட்டிவிடக் கூடாது. அப்படிப் பூட்டியவர்களுக்கு எதிர்த்தரப்பு வராமலே சொல்லும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்து, அதை உடைக்க இரண்டு மடங்கு அலைய நேர்ந்திருக்கிறது. போர்முனையிலோ அதற்கு நிகரான சூழலிலோ இருந்தால் 1925-ஆம் ஆண்டு இந்திய வீரர்கள் வழக்குச் சட்டப்படி, அதிகாரியின் சான்றிதழோடு வழக்கை நிறுத்திவைக்கக் கேட்கலாம். லீவே கிடைக்கவில்லை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 28-ஆம் கட்டளைப்படி அப்பாவுக்கோ அண்ணனுக்கோ அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு வழக்கு நடத்த அதிகாரம் கொடுக்கலாம்.

லீவு கிடைத்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. லடாக்கிலிருந்து 20 நாள் லீவில் வந்த ஒரு தம்பி, மூன்றாம் நாள் கோர்ட்டுக்குப் போனான். அடுத்த மாதத்துக்கு வாய்தா. மிச்சம் 17 நாளும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்த தடவை அவனை வெறும் கையோடு வர வேண்டாம் என்றேன். "வழக்கு நடத்துவதற்காக லீவு" என்று யூனிட்டில் சான்றிதழ் வாங்கி வந்தான். ராணுவச் சட்டம் 32-ஆம் பிரிவின்படி, அந்தச் சான்றிதழைக் காட்டிக் கேட்டால் லீவு முடிவதற்குள் விசாரித்து முடிக்க நீதிமன்றம் இயன்றவரை ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த லீவில் மூன்று முறை வழக்கு எடுக்கப்பட்டது. சாட்சியம் முடிந்தது.

படி 4: சமரசப் பத்திரம் எழுதும் நாள்

பெரும்பாலான வழக்குகள் கடைசியில் பரஸ்பர சம்மதத்தில்தான் முடிகின்றன. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்குப் பிறகு 6 மாதம் காத்திருக்க வேண்டும். அந்த 6 மாதத்தைத் தேவைப்பட்டால் நீதிமன்றம் விலக்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணியிடம் தூரமாக இருப்பது மட்டும் பிரிந்து வாழ்வது ஆகாது. கணவன் மனைவியாக வாழ்வது எந்தத் தேதியோடு நின்றது என்று மனுவில் தெளிவாக இருக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விவாகரத்துச் சட்டம் வேறு. வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள்.

நிபந்தனைகளை எழுதும் இந்த நாளில்தான் அவசரம் வருகிறது. சண்டை போட்டுச் சலித்துப்போய், "கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன் அண்ணே, நிம்மதியா இருந்தா போதும்" என்கிறார்கள். ஒரு பெண் 4 லட்சம் வாங்கிக்கொண்டு, "இனி எக்காலத்திலும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த வருடமே அவர் பென்ஷனில் வந்தார். கிராஜுவிட்டி, லீவு சம்பளம், குரூப் இன்ஷூரன்ஸ் முதிர்வு, பி.எஃப்., பென்ஷனில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் என்று ஒரே மாதத்தில் பெரிய தொகை வந்தது. அவள் கேட்டிருக்கலாம். பேசும் நாளில் அவர் எப்போது ஓய்வு பெறுவார் என்று யாருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: அவருக்கு எத்தனை வருட சர்வீஸ் ஆகிவிட்டது? சிப்பாய்க்கு 15 வருடத்தில், அதிகாரிக்கு 20 வருடத்தில் பென்ஷன் உறுதியாகிறது. சிப்பாய்கள் நாற்பது வயதுக்குள்ளேயே ஓய்வு பெறுவது சாதாரணம். யூனிட் வழியாகச் சம்பளத்தில் பிடிப்பது ஓய்வோடு நின்றுவிடும். அதனால் "மாதம் இவ்வளவு" என்று மட்டும் எழுதாமல், பணியில் இருக்கும்வரை எவ்வளவு, ஓய்வுக்குப் பிறகு எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தக் கணக்கில், ஓய்வுத் தொகையிலிருந்து மொத்தமாக ஏதாவது உண்டா என்று வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். அக்னிவீர் என்றால் கணக்கே வேறு: 4 வருடம், பென்ஷன் இல்லை, முடிவில் சேவா நிதி என்ற மொத்தத் தொகை ஒன்றுதான். அங்கே மாதத் தொகையை நீண்ட காலத்துக்கு நம்பி எழுதுவதைவிட மொத்தத் தொகை பேசுவது நல்லது.

பணம் வராமல் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். ராணுவச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி, சிவில் கோர்ட் தீர்ப்புக்காக வீரரின் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது. மற்ற அரசு ஊழியர் வழக்குகளில் செய்வது போல் இங்கே செய்ய முடியாமல் வக்கீல்களே தடுமாறுவார்கள். ஆனால் இந்து திருமணச் சட்டம் 25-ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கும்போது, அவருடைய நிலத்தின் மீதோ வீட்டின் மீதோ, ஜீவனாம்சத்துக்கு ஈடாகப் பொறுப்பு வைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஊரில் 2 ஏக்கர் இருந்தால் அதன் சர்வே எண்ணைத் தீர்ப்பில் ஏற்றுங்கள். பணியில் இருக்கும்வரை, உத்தரவின் நகலைச் சி.ஓ.வுக்கு அனுப்பி ராணுவச் சட்டம் 90, 91-ஆம் பிரிவுகளின் வழியில் பிடிக்கக் கேட்பதும் தொடரலாம்.

பின்னாளில் நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ இருவரும் கேட்கலாம். மனைவி மறுமணம் செய்தால் ஜீவனாம்சத்தை ரத்து செய்யவும் கேட்கலாம். பிள்ளைகளின் உரிமை தனி. தாய் தனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் செலவை அவளால் விட்டுக்கொடுக்க முடியாது.

வயதும் உடம்பும் ஒத்துழைக்காத பெண்களுக்கு நான் வேறு ஒரு யோசனையும் சொல்வதுண்டு. விவாகரத்துக்குப் பதிலாக இந்து திருமணச் சட்டம் 10-ஆம் பிரிவில் நீதிமன்றப் பிரிவு. சேர்ந்து வாழ வேண்டியதில்லை, திருமணமும் முறியாது. குடும்ப ஓய்வூதிய உரிமை விவாகரத்தில் போவது போல அடியோடு போய்விடாது, நிபந்தனைகளுக்கு உட்பட்டு நிற்கும். இரண்டு பேரும் மறுமணம் செய்ய முடியாது என்பதால் இளம் வயதுக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஐம்பதைத் தாண்டியவர்கள் முடிவெடுக்கும் முன் ஒரு தடவை இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

படி 5: தீர்ப்பு வந்த பிறகு

வீரர் செய்ய வேண்டியது: தீர்ப்பின் சான்றிட்ட நகலை யூனிட்டில் கொடுத்து விவாகரத்துக்குப் பார்ட் டூ ஆர்டர் வெளியிடச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றவர் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவும் ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்திலும் மாற்ற வேண்டும். மறுமணத்துக்கு மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை பொறுங்கள். 90 நாள் காத்திருந்தால் பயமில்லை. தீர்ப்புக்கு ஒரு நாள் முன்னால் தாலி கட்டியிருந்தாலும் அந்த இரண்டாம் கல்யாணம் செல்லாது. பல வருடம் கழித்து அவர் இறந்து, குடும்ப ஓய்வூதியத்துக்குத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் அந்த இரண்டாவது பெண்தான் தெருவில் நிற்பாள்.

நாமினேஷன் தானாக மாறாது. குரூப் இன்ஷூரன்ஸ், பி.எஃப்., வங்கி ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம். பிள்ளைகள் பெயரைப் போடுவதாகச் சமரசத்தில் பேசியிருந்தால், படிவம் கொடுத்ததற்கான நகலைத் தாய் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தாய் செய்ய வேண்டியது: பிள்ளைகளின் பெயர் தகப்பன் ஆவணத்தில் அப்படியே இருக்கிறதா என்று எழுதிக் கேட்பது. விவாகரத்து மனைவியைத்தான் நீக்கும், பிள்ளைகளை நீக்காது. தகுதி இருக்கும்வரை மருத்துவம் உண்டு, முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை உண்டு, தகப்பன் இறந்தால் விதிகளின்படி 25 வயது வரை குடும்ப ஓய்வூதியத்தில் உரிமையும் உண்டு. பெயர் பார்ட் டூ ஆர்டரில் ஏறாமல் இருந்தால் இதில் எதைக் கேட்டாலும் இழுத்தடிப்புத்தான். வெலிங்டனுக்கோ பெங்களூருக்கோ ஒரு ரிஜிஸ்டர் தபால், பிறப்புச் சான்றிதழ் நகலோடு.

சான்றிட்ட தீர்ப்பு நகல் கேட்கும்போது மூன்றாக வாங்குங்கள். ஒன்று ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும், ஒன்று வங்கிக்குப் போகும். மூன்றாவதை யாருக்கும் கொடுக்காமல் பிள்ளைகளின் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள்.